ராணுவ இரும்பில் ஒரு சிவப்புக் கோடு

சாத்தான்குளத்தில் இருக்கும் என் தாய்மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரிடம் லைசென்ஸ் உள்ள பழைய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி ஒன்று உண்டு. போன வருடம் அதன் குழலை மாற்றி, யானையைச் சாய்க்கும் அளவுக்குப் பெரிய தோட்டா போடும்படி செய்ய அனுமதி வாங்கினார். அவர் தோட்டத்துக்கு வருவது மயில். அதைச் சுடக்கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் வீடுகளில் புதிதாக எது வந்தாலும், மிக்ஸியே ஆனாலும், போதகரை அழைத்துப் பிரதிஷ்டை ஜெபம் வைப்போம். துப்பாக்கிக்கும் மாமா நாள் குறித்துவிட்டார். ஜெபம், முதல் குண்டு, பிரியாணி. சுடுவது மாமாவே.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் கொக்கிகளில் விரிசல் தேடுபவள். பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்று, குழல் மாற்றிய துப்பாக்கிக் கடை அண்ணாச்சியோடு, தோட்டாவுக்குப் பின்னால் பூட்டாக நிற்கும் போல்ட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார் மாமா.

“மிலிட்டரி சாமான்மா. யுத்தமே பாத்தது. எதையும் தாங்கும்,” என்றார் அண்ணாச்சி.

“தாங்கினது சின்னத் தோட்டாவத்தான அண்ணாச்சி?”

“ஏளா, ஜெர்மன்காரன் இரும்புக்கே மார்க் போடுதியே!” என்றார் மாமா.

என் கவலைகளை வரிசையாகச் சொன்னேன். ஒன்று, அந்தக் காலத்தில் பல பட்டறைகளில் உலையில் இரும்பு காய்ந்த பதத்தை அதன் நிறம் பார்த்தே முடிவு செய்தார்கள். மேகம் மூடிய நாளில் கண் ஏமாறும்; பதம் தவறிய இரும்பு நொறுங்கும். இரண்டு, நீளமான தோட்டா நுழைவதற்காக, பாரம் தாங்கும் இடத்திலேயே அராவி எடுப்பார்கள். மூன்று, பூட்டு விட்டுக்கொடுத்தால் அதன் பின்னால் இருப்பது மாமாவின் முகம்.

“சுடப்போறது சார்தானம்மா,” என்றார் அண்ணாச்சி, நிம்மதியாக.

போல்ட்டின் முனையில் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு துண்டுகள்தாம் வெடிப்பின் உதையை வாங்குபவை. சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தேன். விரிசலுக்குள் போன சாயம் மட்டும் வெளியே வரும். ஒரு காதின் அடியில் மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது.

“துருவா இருக்கும்,” என்றார் அண்ணாச்சி.

“துரு இப்படி நேர்கோடாவா போவும்?” மாமாவின் குரல் இறங்கியிருந்தது. “ஏளா, பிரியாணிக்குச் சொல்லியாச்சே. போதகர்ட்ட என்னன்னு சொல்ல?”

“வெடிக்கலன்னு சொல்லுங்க மாமா.”

அப்படியே சொல்லியிருக்கிறார். குறித்த நாளில், பெரிய விபத்திலிருந்து காத்ததற்காக ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. போதகர் உருகி ஜெபித்தார்.

ஆமென் சொன்ன கையோடு மாமா என் பக்கம் சாய்ந்தார். “அண்ணாச்சி வேற போல்ட் தாரேங்காரு.”

“அதையும் கொண்டு வாங்க,” என்றேன்.