சீர் செஞ்சாச்சுங்க: பீளமேட்டில் நான் வாங்க இருந்த வீடு

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் வீட்டை விற்று, மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடுவதாக வாக்கும் கொடுத்துவிட்டு, மாசி மாதம் கோயம்புத்தூருக்கு விமானம் ஏறினேன். என் கணவர் காலமாகி நான்கு வருடமாகிறது. ஒரே மகள் கோவைப் பையனைக் கட்டிக்கொண்டு பீளமேட்டில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியேறுவது என் திட்டம். மாப்பிள்ளை வீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆள் நானில்லை. இது பிசகினால் எனக்கு இரண்டு நாட்டிலும் கூரை கிடையாது. இதே யோசனையில் இருப்பதாக உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் மலேசியக் குடிமகள். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருப்பதால் இந்தியாவில் குடியிருக்க வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்கக் கூடாது, பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். மொழி தெரியாத ஊரா என்ன, பேச்சு முழுக்கத் தமிழ்தானே என்று ஒரு தைரியம். அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

விமான நிலையத்திலிருந்து பீளமேடு ஆட்டோவில் பதினைந்து நிமிடம். புரோக்கர் காட்டிய ஆறு வீடுகளில் ஒன்று மனதுக்குப் பிடித்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, சமையலறை ஜன்னலில் நல்ல வெளிச்சம். விற்கிறவர் தங்கவேல், அறுபது வயது, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போடுகிற மனிதர். வீடு அவருடைய அப்பா வாங்கியது. அப்பா காலமாகிவிட்டார். ஓர் அக்கா மட்டும் உண்டு என்றார்.

"அவங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கக்காளுக்குச் சீரெல்லாம் செஞ்சாச்சுங்க. ஒரு குறையும் வெக்கலீங்க."

அக்காவின் பங்கு விவகாரத்தையெல்லாம் சீர்செய்து முடித்தாகிவிட்டது என்று என் காதில் விழுந்தது. நல்ல தமிழ் பேசுகிறாரே என்று மெச்சிக்கொண்டேன் வேறு.

முன்பணம் மறுநாள் என்று முடிவானது. அதற்கு முன்னால் ஆனைமலை மாசாணியம்மன் காலடியில் வீட்டுச் சாவியை வைத்து எடுக்க வேண்டும், அன்றைக்கு அமாவாசை, நீங்களும் வாருங்கள் என்றார். காலை ஏழு மணிக்கு அவர் காரிலேயே கிளம்பினோம். பொள்ளாச்சியில் இட்லியும் காபியுமாகப் பசியாறினோம். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அமாவாசை நெரிசலில் இரண்டரை மணி நேரம் பிடித்தது.

அவர் அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போனார். நான் நிழல் தேடி ஒதுங்கிய இடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வரமிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் அன்னதானத்துக்கு இப்படித்தான் கூடி வேலை செய்வோம். ஓரத்தில் இருந்த அம்மா ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திணறியதைப் பார்த்ததும், எனக்குக் கை சும்மா இருக்குமா? "தள்ளுங்க, நான் அரைக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். மைபோல அரைத்தேன்.

"நல்லா இருப்பீங்க அம்மணி" என்றார் அவர். "இனி அந்தக் கல்லுல பூசிட்டா என்ற பாரம் தீந்துதுங்க. மத்ததை அம்மன் பாத்துக்குவா."

"எந்தக் கல்லு? இது சமையலுக்கு இல்லையா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அநியாயம் பண்ணுனவங்களுக்கு அரைக்கறதுங்க இது. பூசிட்டா, பண்ணுனவங்க ஒடம்பு பூரா எரியுமுங்க." பிறகு தாழ்ந்த குரலில், "எங்கப்பன் ஊட்டை எந்தம்பி என்னையக் கேக்காமயே முடிக்கறானுங்க. பீளமேட்டுல, மூணாவது மாடி. கண்ணாலத்துக்கு நகையும் பாத்திரமும் சீர் குடுத்தாங்களாம், அதோட என்ற பங்கு முடிஞ்சுதாம். சீரும் பங்கும் ஒண்ணுங்களா? மலேசியாக்காரி ஒருத்தி வாங்கறாளாமுங்க. அவளுக்குஞ் சேத்துத்தான்."

தங்கவேல் சொன்னது கல்யாணச் சீர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாமி விஷயத்தில் நான் பெரிய பக்தை கிடையாது. ஆனாலும் என் இரண்டு கைகளும் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஓடினால், அவர் எனக்கு எதிராக வேண்டிக்கொண்டார் என்ற பயம் கூடவே வருமே.

"அந்த மலேசியாக்காரி நான்தாங்க" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். சொம்புத் தண்ணீரை எடுத்து என் கையில் ஊற்றினார். "கையைக் கண்ணுல வெச்சுப்போடாதீங்க" என்றார். பிறகு, "அரைச்சது அரைச்சதுதானுங்க" என்று சொல்லிவிட்டு, விழுதை எடுத்துக்கொண்டு கல்லை நோக்கி நடந்தார்.

சீட்டோடு திரும்பி வந்த தங்கவேலிடம், அக்கா கையெழுத்து இல்லாமல் முன்பணம் தர மாட்டேன் என்று சொன்னேன். "சீர் செஞ்சாச்சுன்னு சொன்னேனுங்களே" என்றார், நிஜமாகவே புரியாமல். அவர் மனதில் அவர் ஏமாற்றவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அவர் காரில் ஏற மனம் வரவில்லை. பேருந்தில் பொள்ளாச்சி, அங்கிருந்து கோவை உக்கடம். "ஏனுங்கம்மா, கை இப்படிச் செவந்து கெடக்குது?" என்று கண்டக்டர் கேட்டதற்கு, சமையல் என்று பொய் சொன்னேன்.

வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்களுக்கு: வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். கையெழுத்துப் போடாத அக்கா அதில் தெரிய மாட்டார். அப்பா வழி வந்த வீடென்றால் வாரிசுச் சான்று கேளுங்கள், அதில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேசுங்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே வக்கீலிடம் போங்கள். நம் தமிழும் அவர்கள் தமிழும் ஒன்றுதான் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

போன வாரம் அந்த அக்காவே தம்பியிடம் என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். தம்பி வந்து பேசினாராம், பங்கு தருவதாகச் சொல்லிவிட்டாராம்.

"கையெழுத்து எப்ப வேணும்னாலும் போடறேனுங்க. ஆனா, நீங்க வேற ஊடு பாத்துக்குங்க அம்மணி."

"ஏங்க, இன்னும் கோபமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. அம்மங்கிட்ட உங்களையுஞ் சேத்துச் சொல்லிப்போட்டேனே. எனக்கே பயமா இருக்குதுங்க, உங்களுக்கோசரம்."

கிள்ளான் சாவியைக் கொடுக்க இன்னும் ஒன்பது நாள்தான். மகள் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறாள். அக்கா கையெழுத்துப் போட்டால் பத்திரம் சுத்தம்தானே, வாங்கும்மா என்கிறாள். நாளைக்குக் கோவையிலேயே கணபதி என்ற பகுதியில் இரண்டு வீடு பார்க்கப் போகிறேன். பங்குக்காரி அக்காவே எனக்காகப் பயப்படும் வீட்டில், விளக்கை அணைத்துவிட்டு நான் எப்படித் தனியாகப் படுப்பேன்?