கடைசி அத்தியாயத்தை நான்தான் வாசித்தேன்

இது கட்டுக்கதை இல்லை. என் காதால் கேட்டது, என் வாயாலேயே வரவழைத்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

1887, நவம்பர். இங்கிலாந்தில் லௌத் என்கிற ஊர். திர்சா பெல்லமி என்ற நாவலாசிரியையிடம் படியெடுக்கும் வேலையில் இருந்தேன். அவருடைய ‘கதவுக்கு வெளியே’ என்ற மூன்று பாக நாவலை இன்று யாருக்கும் தெரியாது. செத்துப்போன சிறுமி ஒருத்தி ரத்தம் குடிக்கும் பேயாகி வந்து, தன் தாயின் அறைக் கதவைத் தட்டுகிற கதை. உள்ளிருந்து யாராவது வாய்விட்டு ‘வா’ என்று கூப்பிடாமல் அவளால் படி தாண்ட முடியாது.

திர்சா அம்மாவுக்குத் தொண்டையில் காசநோய். குரல் அடியோடு போய்விட்டது. அவர் கிறுக்கித் தருவதை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் நல்ல தாளில் படியெடுப்பேன்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பேயின் நெஞ்சில் கூரான மரக்கட்டையை இறக்கிக் கொன்றால்தான் அச்சுக்குப் போகும் என்று பதிப்பாளர் கண்டிப்பாக எழுதியிருந்தார். அம்மாவுக்குக் கை வரவில்லை. கதையில் வரும் சிறுமியின் பெயர் வின்னி. ஏழு வயதில் இறந்துபோன அவருடைய மகளின் பெயரும் அதுதான். பாவம், எந்தத் தாய்க்குத்தான் கை வரும்?

“பேயைப் போய் இப்படிக் கொஞ்சுறாங்களே, மிஸ்ஸம்மா!” என்று அலுத்துக்கொண்டாள் வேலைக்காரி கெசியா. “ஒரே வரியில கொன்னு போட்டுட்டு நிம்மதியாப் படுக்கக் கூடாதா?”

பதினேழாம் தேதி. மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெளியே மூடுபனி, விளக்கு ஏற்றியாகிவிட்டது. அம்மா ஒரு தாளை நீட்டினார்.

வாசித்தேன். தாய் கதவருகே வருகிறாள். வெளியே மூன்று தட்டு...

டொக்... டொக்... டொக்.

நிமிர்ந்தேன்.

“கெசியாவா?”

அம்மா விரலால் தாளைத் தட்டினார். மேலே வாசி என்று அர்த்தம்.

கட்டை இல்லை. கொலை இல்லை. மிச்சம் ஒரே வரி.

“உள்ள வா கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்.”

வாசித்துவிட்டேன்.

தாழ்ப்பாள்... தானாக நகர்ந்தது.

ஒரே குளிர்.

தரையில் ஈரக் காலடி. சின்னது. ஒன்று... இரண்டு... மூன்று...

ஆள் இல்லை.

அம்மா கைகளை விரித்தார். அழுதார். சிரித்தார்.

நான் ஓடினேன்.

காலையில் அவர் நாற்காலியிலேயே இறந்து கிடந்தார். கைகள் எதையோ அணைத்தபடி விறைத்திருந்தன. “உடம்புல பொட்டு ரத்தம் இல்லையே,” என்று டாக்டர் குழம்பிப்போனார்.

அன்றுதான் கெசியா சொன்னாள், அழுதுகொண்டே.

“வின்னிப் பாப்பாவுக்கு விஷக்காய்ச்சல், மிஸ்ஸம்மா. அம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். ஒட்டிக்கிட்டா பொழைக்க மாட்டீங்க, கதவைத் திறக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு ராத்திரி பிள்ளை எந்திரிச்சு வந்து தட்டிச்சு. ‘உள்ள வரட்டுமாம்மா’ன்னு கேட்டுச்சு. இவங்க காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நாலாம் நாள் காலையில... படியிலயே கிடந்துச்சு.”

மூன்றாம் நாள் அடக்கம். நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். அசையவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள்.

“நோஞ்சான் பொம்பளைன்னீங்க? உள்ள என்னத்த வச்சீங்க?”

உள்ளே இரண்டு பேர் என்றால் கனக்கத்தானே செய்யும்.