ஸ்டென்சில் தாளைச் சுற்றி நான் கீறிய கட்டம்

கதவுப் பிடியில் ஒரு கறுப்பு விரல் அடையாளம் இருந்தது. தோட்டத்து ஆபீஸுக்கு முதன்முதலாகப் போன அன்று நான் முதலில் பார்த்தது அதைத்தான். மை இன்னும் காயவில்லை. தொட்டால் நான் வந்து போனது தெரிந்துவிடும் என்று, செல்வராணி அக்கா கதவைத் திறக்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், ஜெராமுக்கு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம்.

தமிழ்ப் பள்ளி முடித்தவர்கள் மலாய்ப் பள்ளியில் முதலில் உட்காரும் ரிமூவ் கிளாஸோடு படிப்பு நின்றுபோயிருந்தது. டவுன் பள்ளியில் மலாயில் கேள்வி கேட்பார்கள். எழுந்து நிற்பேன், குரல் வராது. ஒரு நாள் பஸ் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை... அவ்வளவுதான்.

செல்வராணி அக்கா ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். இளைஞர் மன்றத்துக்கும் அவர்தான் செயலாளர். மன்றம் மாதம் ஒரு ஏடு வெளியிட்டது. ஆபீஸில் இருந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் நாற்பது பிரதி சுற்றி எடுத்து, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு லயம் கொடுப்பார்கள். தம்பியின் நோட்டு அட்டையில் நான் அழகாக எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா என்னைத் தேடி வந்தார்.

"நீ ஒண்ணும் எழுத வேணாம்டி. எழுதறதுக்கு ஆள் இருக்கு. தலைப்பு எங்க, கவிதை எங்க, சுத்தி என்னா கட்டம்... அத மட்டும் போட்டுக் குடு."

இன்று வலைப்பூக்களுக்கு நான் செய்து தரும் பக்க வார்ப்புருவும் அதே வேலைதான். அடுத்தவர் பேச இடம் பிரித்துக் கொடுப்பது. என் பெயர் எங்கும் வராது. பேசப் பயந்த பெண்ணுக்கு அதைவிட நல்ல வேலை ஏது?

ஸ்டென்சில் தாள் நீல நிறத்தில், மெழுகு பூசி, தொட்டால் வழுக்கும். இரும்பு முனை வைத்த பேனாவால் கீறினால் மெழுகு விலகும். அந்த வழியாக மை இறங்கும். முதலில் நான் கட்டம் போடுவேன். பிறகு மற்றவர்கள் அதே தாளில், கட்டத்துக்குள், தங்கள் கையால் எழுதுவார்கள்.

மூன்று மாதம் பயந்து பயந்து மெல்லிய கோடு போட்டேன். நான்காவது, தீபாவளி இதழ். எனக்கு ஆசை வந்துவிட்டது. நான்கு பக்கமும் சுற்றி, தடிப்பாக, இரட்டைக் கோடு. அழுத்தி அழுத்திக் கீறினேன்.

அந்தக் கட்டத்துக்குள் ஆறு பேர் எழுதினார்கள். லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணன் வாழ்க்கையில் முதல் கவிதை எழுதினார். தப்பு வந்துவிடுமே என்று பழைய காலண்டர் தாளில் பத்துத் தடவை எழுதிப் பழகிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மெஷின் சுற்ற ஆரம்பித்தார்கள். நான் வெளியே, ஆபீஸ் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. தோட்டத்துக் கணக்கும் ஆபீஸும் பார்க்கும் பெரிய கிராணியார் இருந்தார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது என் அப்பாவே தலை குனிந்துதான் பதில் சொல்வார்.

டக்... டக்... டக்... மூன்று பிரதி.

பிறகு சர்ரென்று ஒரு சத்தம்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" கிராணியார் கத்தினார். "என்னா பண்ணி வச்சிருக்கீங்க? மெஷினுக்கு மையில குளியலா? தொரை திங்கக்கிழம வந்து பார்த்தா என் கழுத்துக்கு வரும்லா!"

எட்டிப் பார்த்தேன். என் கோடு நெடுகக் கிழிந்து, தாளின் நடுப்பாகம் தொங்கியது. ஆறு பேரின் எழுத்தும் கறுப்புக் குழம்பில். முனியாண்டி அண்ணனின் கவிதை எந்த மூலையில் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை.



"கட்டம் போட்டது யாரு?"

"நான்தாங்க ஐயா," என்றார் செல்வராணி அக்கா.

"நீயா? ஒன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். இது ஒன் கை இல்ல. யாருன்னு சொல்லு."

"நான்தாங்க ஐயா."

"அப்ப சரி. இன்னையோட மன்றத்துக்கு மெஷின் கெடையாது. ஏடும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆபீஸ் சாவியக் குடு."

ஓடிவிடலாம். பஸ்ஸை விட்டதுபோல இதையும் விட்டுவிடலாம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அக்கா காட்டிக் கொடுக்கவும் மாட்டார். அந்த நிமிஷத்தில் அதைத்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சாவியை எடுக்கப் போன அக்காவின் கை நடுங்கியது. எனக்கு மட்டும்தான் நடுங்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எப்படி உள்ளே போனேன் என்று இன்றும் ஞாபகம் இல்லை.

"நான்தாங்க."

கிராணியார் திரும்பினார். "யாரு மவ நீ?"

அப்பா பெயரைச் சொன்னேன். பாதிதான் வெளியே வந்தது.

"ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். முகத்தைப் பார்க்கப் பயந்து, மெஷினில் தொங்கிய கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புரிந்தது. சுற்றிலும் ஒரே கோடு. எங்குமே இடைவெளி இல்லை. நடுத்தாள் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் இடம்கூட நான் விட்டுவைக்கவில்லை.

"ஐயா... இன்னொரு தாள் குடுத்தா..." கிழிந்த கோட்டை விரலால் காட்டினேன்.

அவர் அலமாரியைத் திறந்தார்.

"பெட்டியில கடைசித் தாளு இது. இதும் கிழிஞ்சிச்சி, திங்கக்கிழம பெரட்டுல ஒங்கப்பன நிக்க வச்சிக் கேப்பேன். எல்லார் முன்னுக்கும்."

இப்போது வார்ப்புருவில் பிழை விட்டால் ஒரு பொத்தானை அழுத்துகிறேன், பழையபடி ஆகிவிடுகிறது. பத்து விதமாக மாற்றிப் பார்க்கிறேன். எதற்கும் பயமில்லை. அந்தப் பயத்தோடு வேலை செய்த கை இப்போது எங்கே போனது என்று சில நாள் தேடிப் பார்ப்பேன்...

அன்று மேசைமேல் இருந்தது ஒரே ஒரு தாள். முனியாண்டி அண்ணனையும் மற்ற ஐந்து பேரையும் கூட்டிவர அக்கா லயத்துக்கு ஓடினார். கிராணியார் நாற்காலியை இழுத்து என் எதிரிலேயே உட்கார்ந்தார்.

பேனாவை எடுத்தேன். ஒரு விரல் நீளம் கீறினேன். கையைத் தூக்கி, ஓர் அரிசி அளவு இடம் விட்டேன்.