மடையில் சுண்ணாம்புக் குறி

குஜிலியம்பாறைக்கு இந்தப் பக்கம் டயர் வெடித்துப் பேருந்து நிற்கிறது. 2003, பங்குனி வெயில். முகம் கழுவ, பாதி வற்றிய குளத்தில் இறங்குகிறேன். மடையருகே ஆளுக்கொரு குடை பிடித்து இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மீன் குத்தகைக்காரரின் ஆள். மற்றவர் ஊர் விவசாயி. மடையைக் களிமண்ணால் பூசி, யாராவது தொட்டால் காட்டிக்கொடுக்கும்படி, களத்து நெற்குவியலுக்கு வைப்பதுபோல் சுண்ணாம்புக் குறி வைத்திருக்கிறார்கள்.

"இது எதுக்குண்ணே?"

"இப்பெல்லாம் மழ ஐப்பசிய விட்டுட்டுத் தையிலதான் வருது. மீன்குஞ்சே அப்பத்தான் விட்டோம். அது உள்ளங்கை அளவு வளரல, அதுக்குள்ள தண்ணி இம்புட்டு எறங்கிருச்சு. இவுகதான் ராவுல வயலுக்குத் தொறக்குறாக," என்கிறார் குத்தகைக்காரரின் ஆள்.

"நாங்களா? குத்தகை முடியுறதுக்குள்ள மீன அள்ளணும்னு வடிக்கிறது நீங்கதான்யா," என்கிறார் விவசாயி.

குறி ஒன்றுகூட அழியவில்லை. மடைக்கு வெளியே வாய்க்காலில் புழுதி பறக்கிறது.

"யாருமே தொறக்கலையே. வெயில்தான் குடிக்குதோ?"

இருவரும் முதன்முறையாக ஒன்றுபோல் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"நீங்க எந்தூரு? யாரு அனுப்புனா?"

குனிந்து முகம் கழுவி எழுகிறேன். என் கையிலிருந்து சொட்டும் தண்ணீரையும் இருவரும் விடாமல் பார்க்கிறார்கள்.