இங்கிலாந்தில் என் தங்கச்சி போட்ட ஓட்டு

இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா, சேர்ந்தே இருப்பதா என்று அந்த நாட்டு ஜனங்கள் ஓட்டுப் போட்ட வருஷம், மரக்காணத்தில் எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை நடந்தது. சிரிக்காதீர்கள். சிரித்தவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய பேர். "ஏம்மா, உங்க உப்பளத்துக்கு ஒரு ரோடு போட்டுத்தர நாதியில்ல, நீங்க இங்கிலாந்துக்கு நியாயம் பேசுறீங்களா?" என்று பால்காரர் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வீட்டுப் பொண்ணு அங்க இருக்கா, பேசுறோம். நீங்க பாலை ஊத்திட்டுக் கிளம்புங்க" என்றேன்.

அந்தப் பொண்ணு என் தங்கச்சி. அவளைக் கட்டிய மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்தை அங்கே சொல்தா வீடு என்பார்கள். தாத்தா வழியில் மாப்பிள்ளைக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் வந்தது. கல்யாணமானதும் பிரான்சுக்குப் போனார்கள், அந்த ஊர் இரண்டு பேருக்கும் ஒட்டவில்லை. அந்த பாஸ்போர்ட் இருந்தால் ஒன்றியத்தில் இருக்கிற எந்த நாட்டுக்கும் போய் வேலை பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். அதனால் இங்கிலாந்துக்கு மாறினார்கள். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான். அவருக்கு குடோனில் வேலை. தனியாக இருக்கிற வயசானவர்கள் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாப்பிட வைக்கிற வேலை தங்கச்சிக்கு. அவளிடம் இருந்தது நம் நாட்டு பாஸ்போர்ட்தான்.

கூத்து என்னவென்றால், பிரெஞ்சுக்காரர் என்பதால் மாப்பிள்ளைக்கு அந்த ஓட்டெடுப்பில் ஓட்டு கிடையாது. வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் ஆண்ட நாட்டுக்காரி என்பதால் தங்கச்சிக்கு ஓட்டு உண்டு. "அடி சக்கை! நம்மள ஆண்டவன் யார்கூட சேரணும், யாரை விட்டுப் பிரியணும்னு நாம சொல்லப்போறமா!" என்று என் வீட்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

எங்களுக்கு அது சிரிக்கிற விஷயமாக மட்டும் இல்லை. அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருந்தாள். அம்மாவைத் தன்னிடம் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தங்கச்சிக்குத் தீராத ஆசை. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டை வைத்து மனைவியைப் பெற்றவளையும் கூப்பிட்டுக்கொள்ள வழி இருந்தது. அம்மாவுக்கு பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. மற்ற பேப்பர்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம். இங்கிலாந்து விலகிவிட்டால் அவர்கள் இரண்டு பேரின் இருப்பே கேள்விக்குறி. அதன் பிறகு அம்மாவை எங்கே கூப்பிடுவது? எங்களைப் பொறுத்தவரை அந்த ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது அம்மாவின் பயணம்தான்.

இது தெரிந்தும் என் வீட்டுக்காரர் விலகுகிற கட்சியில் நின்று பேசினார். அவருக்கு உப்பள நியாயம். எங்கள் பாத்திகளுக்கும் சுற்றியுள்ள மற்றவர்களின் பாத்திகளுக்கும் சேர்த்து ஒரே வாய்க்கால், ஒரே மதகு. எப்போது திறப்பது, யாருக்கு முதலில் தண்ணீர் என்று பங்குக்காரர்கள் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். "என் பாத்திக்கு எப்ப தண்ணி வேணும்னு எனக்குத் தெரியாதா? இவனுங்க கூடிப் பேசி முடிக்கறதுக்குள்ள நல்ல வெயிலு போயிடுது. அவங்கவங்க வீட்டுச் சாவி அவங்கவங்க கையில இருக்கணும். வெள்ளைக்காரனும் அதைத்தான கேக்குறான்?" என்பார்.

நான் விடுவேனா? "போன மழையில கரை உடைஞ்சப்ப எத்தினி பேரு மண் மூட்டையத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க? சாவிய நீங்களே வெச்சுக்குங்க, அடுத்த வாட்டி கரையையும் நீங்களே கட்டிக்குங்க" என்பேன். பிரிந்து போய்த் தனியாக போர்வெல் போட்டுக்கொண்ட ஒருவர், தன் உப்பை லாரிக்குக் கொண்டுவர எங்கள் வரப்பில்தானே நடந்தாக வேண்டியிருக்கிறது என்றும் கேட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டால் அந்தப் பக்கம் மாப்பிள்ளை எனக்கு ஒத்து ஊதுவார். "கரெக்டா சொன்னீங்கக்கா. பக்கத்து நாட்டோட சண்டை போடாம இருக்கறதுக்குத்தான் இந்த ஒன்றியமே. இவங்களுக்கு அது மறந்துபோச்சு" என்பார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

தங்கச்சி மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் இழுத்தாள். அவள் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் பழைய மீன்பிடிக்காரர். பெண்டாட்டி செத்துப்போய், பிள்ளைகள் எங்கெங்கோ இருந்தார்கள். அந்த மனுஷன் விலகியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எங்கள் கடலில் யார் வலை போடலாம், எவ்வளவு மீன் எடுக்கலாம் என்று எங்கேயோ ஒன்றியத்து ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறான், அவனுக்கு நான் ஓட்டுப் போடவில்லை, அவனை நான் மாற்றவும் முடியாது என்பாராம். மீன்பிடிப்பைக் குறைப்பதற்காக அந்த ஊர்ப் படகுகளை அரசாங்கமே உடைத்துப் போட்ட நாளைச் சொல்லும்போது அழுதுவிடுவாராம். "கூனிமேட்டு மீன்பிடிக்காரங்க வெளியூர் விசைப்படகைப் பத்திப் பேசுவாங்களே, அதே மாதிரி இருக்குதுக்கா. அவரு சொல்றதுல என்ன தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள் தங்கச்சி.

"அந்த ஆளு வெளியூர்க்காரங்கள எல்லாம் போகச் சொல்றாரே, நீ யாராம்?" என்று கேட்டேன்.

"கேட்டேன்க்கா. நீ எங்க வீட்டுப் பொண்ணுன்னாரு."

நல்லா இருக்கே நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் குரல் கரகரத்தது. சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன்.

ஓட்டு நாள் நெருங்கும்போது அந்தப் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டி முடியாமல் போனது. எழுந்து போய் ஓட்டுப் போட முடியாது. தபாலில் போடுவதற்கும் நாள் தாண்டிவிட்டது. அவர் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பதிலாக உன் ஓட்டை நீ போடு, விலகணும் என்று போடு என்று கேட்டிருக்கிறார். அவர் அந்த நாட்டு மனுஷன். கேட்டுப் பார்ப்போம், அவள் செய்தால் சரி என்ற அளவில்தான் கேட்டிருப்பார். என் தங்கச்சி இந்த மண்ணில் பிறந்தவள். அவர் உள்ளங்கையில் தன் கையை அடித்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டாள். மறுவாரம் அவர் இறந்துபோனார்.

இங்கே சாகக் கிடக்கிறவர் கையில் அடித்துக் கொடுத்ததை யாரும் மீறமாட்டார்கள். எங்களுக்குப் பக்கத்துப் பாத்திக்காரர் ஒருவர், உப்பளத்தை விற்கமாட்டேன் என்று சாகப்போகும் அண்ணன் கையில் அடித்துக் கொடுத்தார். இறால் பண்ணைக்காரர்கள் வந்து கெஞ்சியும் அசையவில்லை. பிழைக்கத் தெரியாத ஆள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவோம், எதிரே வந்தால் எழுந்து நிற்போம்.

ஓட்டுக்கு முந்தின நாள் தங்கச்சி போன் செய்து அழுதாள். அவள் புருஷனுக்கு விஷயம் தெரியாது. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியாத ஆத்திரம்.

"பைத்தியமாடி உனக்கு? உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்குவியா? உன் இஷ்டப்படி போட்டுட்டு வா. செத்தவரு எந்திரிச்சு வந்து பாக்கப்போறாரா?"

"கையில அடிச்சுக் குடுத்துட்டேனேக்கா."

"அது அவங்க ஊரு பழக்கமே இல்லடி. அவருக்கு அது சத்தியம்னுகூடத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியும்ல?"

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. இந்த ஓட்டால் தன் பயணம் நின்றுபோகும் என்பதும் புரிந்திருந்தது. "அழாத. குடுத்த சொல்லைக் காப்பாத்து. போய்ப் போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

தங்கச்சி போய்ப் போட்டாள். ஒரு சர்ச் ஹாலில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பென்சில் என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் அழித்துவிடுவார்களே என்று பதறினார், அவள் எந்தப் பக்கம் போட்டாள் என்று தெரியாமலேயே.

மறுநாள் டிவியில் முடிவு வந்தது. இங்கிலாந்து விலகுகிறது. அத்தனை நாள் விலகத்தான் வேண்டும் என்று கத்திய என் வீட்டுக்காரர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "வாதத்துக்குப் பேசுனேன்டி. நெஜமாவே போயிடுவாங்கன்னு யாரு கண்டா?" என்றார்.

ஒரு ஓட்டில் ஒரு தேசம் கவிழ்ந்துவிடாது. தங்கச்சியிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நீ போடலேன்னாலும் அதேதான்டி நடந்திருக்கும்." அவள், "அவங்களுக்கு அது ஒரு ஓட்டுக்கா. எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்" என்பாள்.

அதன் பிறகு மாப்பிள்ளையைப் பார்க்கிறவர்கள் எல்லாம், எப்போது மூட்டை கட்டுகிறாய் என்று கேட்டார்களாம். சிலர் அக்கறையில், சிலர் குத்திக்காட்ட. அவர் பாதி ஆளானார். இருக்கவிடுவார்களா, பிரான்சுக்கே திரும்புவதா என்று வருஷக்கணக்காகத் தவித்தார்கள். "நம்ம பொழப்பே அந்தரத்துல தொங்குது, இதுல அத்தைய எப்படிக் கூப்பிடறது? கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார். பொறுத்தோம். அவர்கள் அங்கேயே இருக்கலாம் என்ற உத்தரவு கைக்கு வந்தபோது கொரோனா வந்தது. அதுவும் ஓய்ந்தபோது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

எங்களுக்கு நாங்களே ஒரு சமாதானம் செய்துகொண்டோம். அம்மாவுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது. பேச ஒரு ஆள் கிடைக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஏங்கிப்போயிருப்பாள். போகாமல் இருந்ததே நல்லது. தங்கச்சி போனில் அழும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் அவளைத் தேற்றினேன். சொல்லிச் சொல்லி எனக்கும் அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருஷம் லீவில் இரண்டு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு மத்தியானம் பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருக்க, நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் கட்டிலில் அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு அங்கே விலைவாசி ஏறிக்கிடக்கிற ஆத்திரம். "விலகணும்னு ஓட்டுப் போட்டவன் ஒருத்தன் என் கையில கெடைக்கட்டும் சகலை. என் வாழ்க்கையில இத்தினி வருஷத்தை எடுத்துக்கிட்டியே, உனக்கு என்னடா கெடைச்சுதுன்னு கேக்கணும்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

தங்கச்சி தட்டில் கையை வைத்தபடியே, "நான்தான் போட்டேன்" என்றாள்.

அவர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பெரியவரையும், கையில் அடித்துக் கொடுத்ததையும், சர்ச் ஹாலையும் ஒன்று விடாமல் சொன்னாள். மாப்பிள்ளை கத்துவார் என்று பயந்தேன். அவர் மெல்லத்தான் பேசினார்.

"எனக்கு ஓட்டில்லன்னு அன்னிக்கு வீட்டுல உக்காந்துட்டிருந்தேன். எனக்கும் சேர்த்துத்தான் நீ போடப்போறன்னு நெனச்சேன்."

தங்கச்சி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "விடுங்க சகலை. நடந்தது நடந்துபோச்சு. எப்படியும் அத்தை அங்க வந்து இருந்திருக்கமாட்டாங்க, அந்தக் குளிர்ல..." என்றார். நானும் அவசரமாக, "ஆமா, அம்மா ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது" என்றேன்.

"யாரு சொன்னா?"

அம்மாவின் குரல். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேச்சு குழறும், ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். இதைத் தெளிவாகச் சொன்னாள்.

"நான் போகணும்னுதான் இருந்தேன். ஆசையாத்தான் இருந்தேன்."

"அம்மா..." என்றாள் தங்கச்சி.

"இந்த வெயிலும் உப்புக் காத்தும் எனக்குப் புளிச்சுப்போச்சு. இவ புள்ளைங்கள போன்லயே பாத்துட்டிருந்தேன். ஸ்கூல் விட்டு வர்றப்ப வாசல்ல போய் நிக்கணும்னு நெனச்சேன். குளிருன்னா ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கறது."

"அப்ப ஏம்மா என்னைப் போய்ப் போடச் சொன்ன?" என்றாள் தங்கச்சி.

"சத்தியம் பண்ணிட்டு அழுவுற. வேற என்னடி சொல்லுவேன் உனக்கு?"

தங்கச்சி எச்சில் கையோடு எழுந்து வந்து அம்மாவின் விழுந்துபோன கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "இப்ப வாம்மா. எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிடறேன்." மாப்பிள்ளையும் எழுந்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மாவின் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்ரூமுக்கே உங்க அக்கா தூக்கிட்டுப் போறா. பிளேன்ல எங்கடி ஏத்துவ?" என்றாள் அம்மா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்தாள். "விலகணும்னு ஒருத்தரு, கூடாதுன்னு ஒருத்தரு, எத்தினி நாளு பேசுனீங்க. உனக்குப் போகணுமாம்மான்னு ஒருத்தராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான் அடுத்த கவளத்தை உருட்டிக் கையில் வைத்திருந்தேன். அம்மா வாயைத் திறக்கவில்லை.