தொண்ணூறு அடியும் நாகலூர் பஸ்ஸும்

என் அக்கா இன்பமேரியின் புருஷன் தேவசிகாமணி, மலைமேல் நாகலூர் எஸ்டேட்டில் பம்பு மெக்கானிக். கிணற்றில் விழுந்த மோட்டாரை மூச்சடக்கி முங்கி எடுப்பார். அதைப் பார்த்துத்தான் காண்ட்ராக்டர் பழனிசாமி, 1987இல் அவரைக் கடற்கரைக்கு அனுப்பி, ஆறே நாளில் சிலிண்டர் கட்டி முங்கும் பயிற்சி வாங்கிக் கொடுத்தான். அறுபது அடிக்குக் கீழே போகக் கூடாது, துணையில்லாமல் இறங்கக் கூடாது என்று அங்கே கொடுத்த அட்டையிலேயே அச்சடித்திருந்தது. முங்கிய அன்றைக்கு ஏரோப்பிளேனில் ஏறாதே, உயரத்தில் உடம்புக்குள் காற்று குமிழ் கட்டும் என்றும் வாத்தியார் சொன்னாராம். வந்தவர் மலைக்காரர் என்று தெரிந்தும் மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தப் புண்ணியவான்.

அடிவாரத்துக் குப்பனூரில், கல் வெட்டிய குழியில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பழனிசாமியின் மோட்டார் கிடந்தது. ஆழம் தொண்ணூறு அடி.

"அறுபதுக்கு மேல ஆகாதுங்க," என்றார் மாமா.

"அதெல்லாம் கடலுக்குங்க. இது நல்ல தண்ணிதானுங்களே," என்றான் பழனிசாமி.

என்ன திமிர்! ஆனாலும் கரையில் நின்று கயிறு பிடித்தேன். மாமா தனியாக மூன்று முறை இறங்கினார். மோட்டார் மேலே வந்ததும் பழனிசாமி அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

சாயங்காலம் நாகலூர் பஸ் வந்தது. மாமா ஏறவில்லை.

"முட்டி நொம்ப நோவுது சாமி. இன்னிக்கு இங்கயே படுத்துக்கறேன். மேல ஏறுனா ஆகாதுன்னு தோணுது."

மறுநாள் காலையில் அவர் மகள் அமலிக்குக் கோயிலில் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அக்கா பலகாரம் சுட்டு வைத்துக் காத்திருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க மாமா, ஏரோப்பிளேனா வந்து நிக்குது? பஸ்ஸுதானுங்க. ஊட்ல அக்காவுக்கு யாரு பதில் சொல்றது? ஏறுங்க," என்று கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன்.

பாதி மலையில் அவருக்குக் கால் மரத்தது. நாகலூரில் தூக்கித்தான் இறக்கினோம். விடிந்ததும் சேலத்துக்குக் கொண்டு போனோம். அமலி அப்பா இல்லாமலே பீடத்துக்குப் போனாள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, அவ்வளவு ஆழம் போனதே தப்பு, ஆனால் கீழேயே தங்கியிருந்தால் கால் பிழைத்திருக்கும் என்றார்.

ஏழு வருஷம் ஆகிறது. பழனிசாமியை நான் திட்டாத திட்டு இல்லை. அக்காவும் சேர்ந்து திட்டுவாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று தாம் நின்றதை அவர் இன்றுவரை அக்காவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மனுஷன் மேல்கூட எனக்கு ஆத்திரம் வருகிறது. வாயைத் திறந்து என்னை நாலு வார்த்தை கேட்டால்தான் என்ன?