கொக்கி பார்த்த பக்கம்

வெந்நீர் அடுப்பைக் கிளற ஒரு கம்பி வேண்டும் என்று என் மனைவிதான் கேட்டாள். பக்கவாதம் வந்து அவளுடைய வலது கை தொய்ந்துபோயிருந்தது. குனிந்து விறகைத் தள்ள முடியவில்லை. வீட்டில் கீசர் இருக்கிறது. ஆனாலும் கொல்லைப்புற அடுப்பில் தென்னைமட்டையை எரித்துத் தண்ணீர் காயவைப்பதை அவள் விடவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

கடையில் வாங்கியிருக்கலாம். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற நான், அவளுக்கென்று என் கையால் எதுவும் செய்ததில்லை. இதையாவது நானே அடித்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது. களக்காடு சாலையில் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. கணவர் குறடு பிடிப்பார், மனைவி சம்மட்டி அடிப்பார்.

“எல்லாரும் வாழைக்கு அருவா கேட்டு வாராவ. அண்ணாச்சி அடுப்புக் கம்பி அடிக்கணும்னு வாரிய!” என்றார் கொல்லர்.

வீடு கட்டியபோது மிஞ்சிய கம்பியைக் கொண்டுபோயிருந்தேன். உலையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்ததில் சூடு மிஞ்சிவிட்டது. எடுத்தபோது முனை மத்தாப்பாய்ப் பொறி கக்கியது.

“தீவாளிக்கு நாள் கெடக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று கொல்லரின் மனைவி சிரித்தார்.

எரிந்த முனையை வெட்டிப்போட்டு மறுபடி தொடங்கினேன். நான் அடித்த அடியெல்லாம் கோணலாக விழுந்தது. சிவந்திருக்கும் கம்பி நாலு அடிக்குள் கறுத்துவிடும், மறுபடி உலையில் வைக்க வேண்டும். தோள் விட்டுப்போயிற்று. ஆனாலும் இரும்பு முதன்முதலாக நான் நினைத்த பக்கம் வளைந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுப்பு தரையோடு இருப்பதால் பிடியை மேல்நோக்கி வளைத்தோம். நுனியில், விறகை இழுக்க ஒரு கொக்கி மட்டும் பாக்கி. பிடி வளைந்தபின் கம்பியைப் புரட்டிப் பிடிக்க முடியாது. கொக்கி ஒரு பக்கம்தான் பார்க்கும்.

“எந்தப் பக்கம் மடக்க? அவியளுக்குச் சோத்தாங்கைப் பழக்கந்தான?” என்று கொல்லர் கேட்டார்.

என் மனைவி இடதுகைக்காரி. கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில், பரிமாறும் அவசரத்தில் கரண்டியை இடது கையில் எடுத்துவிட்டாள். பந்தியில் என் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். “அந்தக் கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்” என்றேன். பந்தி முழுக்கச் சிரித்தது. அதன்பின் அந்தக் கை வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான் எட்டிப்பார்க்காத கொல்லை அடுப்படியில் மட்டும் அது வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. பக்கவாதம் வந்த பிறகும், நான் சாப்பிட்டு எழுந்து போனபின்தான் இடது கையால் அள்ளிச் சாப்பிடுவாள்.

இவ்வளவும் தெரிந்தும், “சோத்தாங்கைதான்” என்றேன். வலது கை சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் சொன்னதாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் மனைவிக்குப் பீச்சாங்கை என்று அவர்களிடம் சொல்ல வெட்கப்பட்டேன்.

கம்பியைக் கொடுத்ததும் தடவித் தடவிப் பார்த்தாள். “நீங்களா அடிச்சிய? நல்லா வந்திருக்கே” என்றாள். வலது கையில் பிடித்துப் பார்த்தாள். நழுவி விழுந்தது. “நீங்க உள்ள போங்க, புகை அடிக்கும்” என்றாள்.

உள்ளே உட்கார்ந்திருந்தேன். இரும்பு அடுப்புச் சுவரில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொறுக்காமல் எழுந்து போனேன். கம்பி அவளுடைய இடது கையில் இருந்தது. கொக்கி விறகை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கம்பியைப் போட்டுவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அந்தக் கையிலயே பிடி. அதான உனக்குத் தோது?”

“இப்ப சொல்லுதியளாக்கும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பட்டறைக்குப் போய், “கொக்கிய மாத்தணும். என் வீட்டுக்காரிக்குப் பீச்சாங்கை” என்றேன்.

“அத நேத்தே சொல்லியிருந்தா ஒரே சூட்டுல முடிஞ்சிருக்குமே, அண்ணாச்சி” என்றார் கொல்லர். யாரும் சிரிக்கவில்லை. நானே அடித்துத் திருப்பினேன். நிமிர்த்தி மறுபக்கம் மடக்கிய இடத்தில் கம்பி கொஞ்சம் மெலிந்திருக்கிறது.

இப்போது கொக்கி அவள் கைக்குச் சரியாக நிற்கிறது. சுவரில் உரசும் சத்தம் உள்ளே கேட்பதில்லை. நான் கொல்லைப்பக்கம் போனால் மட்டும், கம்பியைக் கீழே வைத்துவிடுகிறாள்.